மரக்கலத்தில் அடுப்பு

நெருப்பும் நீரும் ஒன்றுக்கொன்று பகை என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் கடலோடிகளின் வரலாற்றைக் கற்போர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. நாற்புறமும் நீர் சூழ மாதக்கணக்கில் மிதந்து திரிந்த அம்மக்கள், புயலுக்கும் பாறைக்கும் அஞ்சிய அளவுக்கு நெருப்புக்கும் அஞ்சினர். அவர்கள் கலம் மரத்தால் ஆனது. பலகைகளின் இடுக்குகளில் நாரைத் திணித்துக் கீலும் குங்கிலியமும் பூசிக் கலப்பத்துச் செய்திருப்பர். மேலே பாயும் கயிறும். இவற்றுள் எளிதில் தீப்பற்றாத பொருள் ஒன்றேனும் இல்லை. நிலத்தில் வீடு எரிந்தால் வெளியே ஓடலாம். கடலில் கலம் எரிந்தால் ஓடுவதற்கு இடமேது?

நெருப்பு இன்றியே கடலோட முடியாதா எனின், சிறிது தொலைவு முடியும். அவலும் கருவாடும் உலர்ந்த ரொட்டியும் கட்டிக்கொண்டு புறப்பட்டோர் உண்டு. கரையோரமாகச் சென்று மாலையில் கலத்தை மணலில் ஏற்றி, அங்கே உலை வைத்து உண்டோரும் உண்டு. ஆழ்கடல் பயணத்துக்கு இவ்வழிகள் போதா. நாள்தோறும் அரிசி வேகவேண்டும், மீன் சுடவேண்டும். ஆதலின் எரியக்கூடிய ஒரு பொருளின் நடுவே எரியும் அடுப்பை வைத்துக்கொள்ளும் கட்டாயம் மனிதனுக்கு ஏற்பட்டது. எத்தகைய அடுப்பைத் தேர்ந்தால் கலம் பிழைக்கும் என்னும் இவ்வினாவுக்கு மிகப் பழைய விடைகளுள் ஒன்று, நம் மலேசிய நாட்டுக் கடலோரத்திலேயே கிடைத்துள்ளது.

சபா மாநிலத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் செம்பொர்ணா என்னும் ஊர் உள்ளது. அதனைச் சூழ்ந்த கடலில் பஜாவு லாவுட் என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்து வந்தனர். அவர்தம் படகுக்கு லெப்பா என்று பெயர். 1994ஆம் ஆண்டு முதல் செம்பொர்ணாவில் அப்படகுகளுக்கென ஒரு விழாவே எடுக்கப்பட்டு வருகிறது. வண்ணப் பாய்களைக் கண்டு களிக்கும் கூட்டத்தினருள் பலர், படகினுள் இருக்க வேண்டிய ஒரு மண்பாண்டத்தை நினைப்பதில்லை. அதுவே லப்போஹான் எனப்படும் அடுப்பு. செம்பொர்ணாவை அடுத்துள்ள செலாக்கான் தீவில் பெண்கள் அதனைக் கையால் வனைந்து, வெயிலில் உலர்த்தி, திறந்தவெளியில் தீயிட்டுச் சுட்டெடுப்பர்.

நம் வீட்டு மண்ணடுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஊன்றி நோக்க வேண்டும். நம் அடுப்பு தரைமீது அமைவது. அதற்கு அடிப்பகுதி வேண்டுவதில்லை, தரையே அடி. லப்போஹானோ முழுமையான அடித்தட்டு உடையது. பின்பாதியில் சுவர் உயர்ந்து வளைந்து பானையைத் தாங்கும் மூன்று முளைகளைக் கொண்டிருக்கும். முன்பாதி நாக்குப் போல் நீண்டு, விளிம்புடைய தட்டாக அமையும். விறகின் நுனி பின்னே எரிய, அதன் அடிப்பாகம் முன்தட்டிலேயே கிடக்கும். கங்கு உதிர்ந்தால் தட்டில் விழும், சாம்பல் சரிந்தால் தட்டில் சரியும், பலகையைத் தொடாது. தரையற்ற இடத்தில் தரையையும் சேர்த்தே வனைந்து கொடுத்தாள் அக்குயத்தி எனலாம். அடுப்பு என்று இதனை அழைப்பதைவிட, எடுத்துச் செல்லத்தக்க ஒரு துண்டு நிலம் என்று அழைப்பதே பொருந்தும்.

சுட்ட மண் வெப்பத்தை விரைந்து கடத்துவதில்லை. அதன்மேல் படியும் சாம்பலோ அதனினும் மெதுவாகவே கடத்தும். ஆகவே மேலே கங்கு கனன்றாலும் கீழே பலகை பெரிதும் சூடேறாமல் நிற்கும். சாம்பலை முழுதும் வழித்தெறிந்து துப்புரவாக வைத்திருக்கும் அடுப்பைவிட, ஒரு விரற்கடைச் சாம்பலை அடியில் விட்டுவைக்கும் அடுப்பே படகுக்கு நல்லது. மரம் தீப்பட்ட உடனேதான் எரியும் என்று எண்ணுதல் பிழை. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சூடேறும் பலகை, மேலே மாற்றம் தெரியாமலே உள்ளுக்குள் கரியாகிக்கொண்டிருக்கும். கரியான மரத்தைப் பற்றவைக்க மிகுந்த வெப்பம் வேண்டுவதில்லை. பல்லாண்டு தீங்கின்றி இருந்த அடுப்பு ஒருநாள் திடீரெனக் கலத்தைக் கொளுத்திவிடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

செம்பொர்ணாவுக்கு அருகில் புக்கிட் தெங்கோராக் என்னும் குன்று உள்ளது. மலாய் மொழியில் இதற்கு மண்டையோட்டு மலை என்று பொருள். 1987ஆம் ஆண்டில் பேராசிரியர் பீட்டர் பெல்வுட் அங்கு அகழாய்வு செய்தார். பின்னர் மலேசிய ஆய்வாளர்களும் அப்பணியைத் தொடர்ந்தனர். ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய பானையோடுகள் அங்குப் பெருவாரியாகக் கிடைத்தன. அவற்றோடு, இன்றைய பஜாவு மக்களின் அடுப்பை ஒத்த மண்ணடுப்புகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. நியூ பிரிட்டன் தீவின் தலாசியா பகுதியைச் சேர்ந்த எரிமலைக் கண்ணாடிக் கற்களும் அக்குன்றில் இருந்தன. அத்தீவு அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அக்கற்கள் கடல் வழியாகவன்றி வேறு வழியாக வந்திருக்க இயலாது. கல் வந்த கடலில் அடுப்பும் சென்றிருக்கும் என்று கருதுதல் மிகையாகாது. பேரரசுகளின் பெயர்களை மனனம் செய்யும் மாணவர்க்கு இவ்வுடைந்த அடுப்புத் துண்டுகளையும் காட்டுதல் நன்று.

இதே அறிவு உலகின் மறுகோடியிலும் தனியே தோன்றியது. துருக்கி நாட்டுக் கடற்கரைக்கு அப்பால் யாசி அடா என்னும் சிறு தீவின் அருகே, கி.பி. ஏழாம் நூற்றாண்டில் மூழ்கிய பைசாந்தியக் கப்பல் ஒன்றை ஜார்ஜ் பாஸ் என்பார் 1961 முதல் 1964 வரை கடலடியில் ஆராய்ந்தார். ஏறத்தாழ 900 சாடிகளைச் சுமந்துவந்த வணிகக் கப்பல் அது. அதன் பின்புறத்தில் தாழ்வாக ஒரு சமையலறை இருந்தது. ஓடுகளை அடுக்கி அடுப்புக் கட்டி, பாண்டங்களைத் தாங்க இரும்புக் கம்பிகளை அதன்மேல் பரப்பியிருந்தனர். சமையலறையின் கூரையும் ஓட்டாலானதே; புகை வெளியேற அக்கூரை ஓட்டில் துளையும் விட்டிருந்தனர். இக்காலத்தில் மீனும் இறைச்சியும் சுடுவதற்கு உல்லாசப் படகுகளில் பொருத்தும் கம்பியடுப்பின் முன்னோடி அங்கே கிடந்தது எனின் தவறாகாது. நெருப்புக்குக் கீழும் மேலும் மரம் தெரியாதவாறு அக்கப்பலோட்டி மண்ணால் மறைத்துவிட்ட திறம் பாராட்டத்தக்கது.

கலங்கள் பெருத்தபோது அடுப்பும் பெருத்தது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னனுடைய மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பல் 1545ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மூழ்கி, 1982ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் கடலினின்றும் தூக்கப்பட்டது. அதன் அடிவயிற்றில், பாரத்துக்காகக் கொட்டியிருந்த சரளைக் கற்களின்மேல், செங்கல்லால் கட்டிய இரண்டு பேரடுப்புகளும் அவற்றுக்குரிய கொப்பரைகளும் இருந்தன. செங்கல்லின் கனம் கப்பலின் அடியில் அமைந்தமையால் கப்பலின் நிலைப்புக்கு அது கேடாகவில்லை. ஆனால் புகையும் வெப்பமும் கப்பல் முழுவதும் ஏறி மக்களை வருத்தின. அடுப்பை மேல்தளத்துக்குக் கொண்டுபோனாலோ, புகை போகும். ஆனால் செங்கல்லின் பாரம் மேலேறிக் கப்பலின் தலை கனக்கும். கடல் கொந்தளிக்கையில் காரைக்கட்டு விரிசல் விடும். அவ்விரிசலின் வழியே கங்கு நழுவி மரத்தைச் சேரும். கீழே வைத்தால் ஒரு துன்பம், மேலே வைத்தால் மற்றொரு துன்பம் என்ற நிலையில் நெடுங்காலம் கழிந்தது.

இதனைத் தீர்த்தது இரும்பு. 18ஆம் நூற்றாண்டில் இரும்படுப்புகள் ஆங்கிலப் போர்க்கப்பல்களில் இடம்பெற்றன. அலெக்சாந்தர் புரோடி என்னும் ஸ்காட்லாந்தியர் 1780ஆம் ஆண்டளவில் வடிவமைத்த அடுப்பு அவற்றுள் புகழ்பெற்றது. வேகவைக்கும் கொப்பரைகளும், ரொட்டி சுடும் சூளையும், இறைச்சி வாட்டும் திறந்த கணப்பும் ஒரே இரும்புப் பெட்டியில் அடங்கியிருந்தன. நெல்சனின் விக்டரி கப்பலில் 800க்கு மேற்பட்டோர்க்கு இத்தகைய ஓர் அடுப்பிலேயே உணவு சமைக்கப்பட்டது. இரும்பு வந்தவுடன் மண்ணுக்கு வேலை முடிந்தது என்று சிலர் எண்ணக்கூடும். அது சரியன்று. இரும்பு எரியாதே தவிர, வெப்பத்தை மண்ணினும் பன்மடங்கு விரைவாகக் கடத்தும். ஆகவே இரும்படுப்பின் கீழும் தீக்காப்புத் தளம் ஒன்று வேண்டியிருந்தது. பளபளப்பைக் கண்டு அடுப்பு வாங்குவோர் இன்றும் மறந்துவிடும் செய்தி இது.

போர்க்கப்பலுக்கு மற்றொரு காப்பும் இருந்தது. அங்கு அடுப்புக்குப் பொறுப்பாளி ஒருவனே. அவன் மூட்டினாலன்றித் தீ இல்லை. போர் தொடங்குமுன் அடுப்பை அணைத்துவிடுவது கட்டாயம். மண்ணும் இரும்பும் செய்யும் பணியில் பாதியை இவ்வொழுங்கு செய்தது. அவ்வொழுங்கு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைக் குடியேற்றக் கப்பல்கள் காட்டின.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஏழை மக்களுக்குக் கப்பல்காரர் சமைத்துப் போடவில்லை. அரிசி, மாவு முதலியவற்றை அளந்து கொடுப்பர், அல்லது பயணியே கொண்டு வருவார். தளத்தில் உள்ள பொது அடுப்பில் முறைவைத்து அவரவரே சமைத்துக்கொள்ள வேண்டும். 1848ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நாடு இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. இத்தகைய பயணிகளை ஏற்றும் கப்பலில், ஒவ்வோர் இருநூறு பேருக்கும் நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உடைய அடுப்பு இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இக்கணக்கைச் சற்றே போட்டுப் பார்க்கலாம். அடுப்பின் பரப்பு ஆறு சதுர அடி. ஒரு பானைக்கு ஒரு சதுர அடி வைத்தால் ஒரே நேரத்தில் ஆறு பானைகள். ஐவர்க்கு ஒரு குடும்பம் எனக் கொண்டால் இருநூறு பேருக்கு நாற்பது பானைகள். ஏறத்தாழ ஏழு முறை அடுப்பு மாறவேண்டும். முறைக்கு அரைமணி எனினும் ஒருவேளை உணவுக்கே மூன்றரை மணி நேரம் கழியும். மழையும் அலையும் தளத்தை நனைக்கும் நாளில் அதுவும் இல்லை. சட்டம் செய்தும் இந்நிலை எனின், சட்டம் வருமுன் எப்படி இருந்திருக்கும்!

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள், ஓஷன் மொனார்க் என்னும் அமெரிக்கக் கப்பல் ஏறத்தாழ 400 பேருடன் லிவர்ப்பூலிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. நண்பகலளவில், கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே அது தீப்பற்றியது. காற்றுப்போக்கிக் குழாய் ஒன்றில் பயணி ஒருவர் தீ மூட்டிவிட்டதாகப் பணியாள் வந்து கூறினார் என்று கப்பல் தலைவர் பின்னர் தெரிவித்தார். காற்றுப்போக்கியும் புகைபோக்கியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். ஆயின் தீக்காப்பு இல்லாத அக்குழாய், மூட்டிய தீக்குத் துருத்தியாகவே ஆகிவிடும். அருகே சென்றுகொண்டிருந்த அபோன்சோ என்னும் பிரேசில் நாட்டுக் கப்பலும் வேறு சில கலங்களும் விரைந்து வந்து பலரைக் காத்தன. ஆயினும் 178 உயிர்கள் மாண்டன. கப்பலைக் கண்டிராத எளிய மக்களிடம் தீயை ஒப்படைத்துவிட்டு, எங்கே மூட்டலாம், எங்கே மூட்டலாகாது என்று கற்பிக்காத குற்றம் அம்மக்களுடையதன்று. 1850களில் பிரிட்டனில் வந்த சட்டம், பயணிகளுக்குச் சமைத்த உணவையே வழங்கவேண்டும் என்று பணித்தது. உணவுச் சீர்திருத்தமாகப் பேசப்படும் அதனைத் தீக்காப்புச் சீர்திருத்தம் என்றும் கொள்ளல் வேண்டும்.

வங்கக் கடலைக் கடந்து இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோர்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் பாய்க்கப்பலில் வந்தோர் வாரக்கணக்கில் கடலில் இருந்தனர். நீராவிக் கப்பல் வந்தபின் பயணம் ஏறத்தாழ ஒரு வாரமாகச் சுருங்கியது. இந்தியப் பயணிகளை ஏற்றும் கப்பல்கள் பற்றி இந்திய அரசு 1887ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், கப்பல் புறப்படுமுன் மாலுமிகளின் தேவை போகப் பயணிகளுக்கென இருக்கவேண்டிய மூன்று பொருள்களைச் சேர்த்துக் கூறுகிறது: உணவு, எரிபொருள், தூய நீர். சோற்றுக்கும் தண்ணீருக்கும் இணையாக விறகும் எண்ணப்பட்டது. அவ்வொரு சொல்லில் நம் மூதாதையர் பயணத்தின் காட்சி முழுதும் அடங்கியுள்ளது. சாதி வேற்றுமையும் சமய வழக்கமும் ஒரே பானையில் உண்ணத் தடையாக நின்ற காலம் அது. ஒவ்வோர் அடுப்பு கூடும்போதும் கலத்துக்கு ஓர் இடர் கூடும் என்பதைக் கடலோடிகள் அறிந்திருந்தனர். நம்மவர் அறிந்திருந்தனரா என்பது ஐயமே.

கப்பலில் சமைப்போனுக்குப் பண்டாரி என்று பெயர். சேராங்கு, திண்டல் என்னும் பெயர்களோடு இதுவும் இந்தியப் பெருங்கடல் முழுவதும் வழங்கிய கப்பற்சொல். அவன் கையில் அடுப்பு வந்து சேர்ந்தபோது பயணியின் தனி அடுப்பு மறைந்தது. 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட ரஜூலா கப்பலை அறியாத மலேசியத் தமிழர் முதியோருள் இரார். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடி, 1973இல் கைமாறியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றும் உரிமம் பெற்றிருந்தது. அத்தனை பேரும் தனித்தனியே அடுப்பு மூட்டியிருப்பின் அக்கப்பல் ஒரு பயணம்கூட முடித்திராது. ரஜூலாவுக்குப் பின் அத்தடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னை நோக்கிச் செல்கையில் நடுக்கடலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் மாண்டனர். அக்கப்பலின் ஓட்டமும் அத்துடன் முடிந்தது. எஃகுக் கப்பல் எரியாது என்று நம்பியிருந்த குடும்பங்கள் அவ்விடியோசையை இன்னும் மறக்கவில்லை.

பெருங்கப்பல்களை விடுத்துச் சிறு படகுகளுக்கு மீண்டால், மண்ணடுப்பு நெடுங்காலம் நிலைத்திருந்ததைக் காணலாம். சிங்கப்பூர் ஆற்றில் கப்பற் சரக்கை இறக்கிக் கரைசேர்க்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிதும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களிடம் இருந்தது. பின்னர் அது சீனர் கைக்கு மாறியது. தொங்காங், துவாக்கோ எனப்பட்ட அப்படகுகள் பலர்க்கு வீடுமாயின. 1983இல் ஆற்றைத் தூய்மையாக்கும் பணியின்போது அவை பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன.

இன்று படகில் சமைப்போர் விறகையும் கரியையும் விட்டு எரிவாயுவை நாடுகின்றனர். பார்வைக்கு இது மிகத் தூயது. சாம்பல் இல்லை, பொறி பறப்பதில்லை. ஆயின் உருளையில் அடைத்துவரும் அவ்வாயு காற்றினும் கனமானது. புரோப்பேன் காற்றைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் எடையுள்ளது. வீட்டில் கசிந்தால் கதவின் கீழ் வழியே வெளியேற இடம் உண்டு. படகோ நீர் புகாதவாறு கட்டிய ஒரு தொட்டி. நீர் உட்புகாத தொட்டியிலிருந்து வாயு வெளிப்புகவும் வழியில்லை. கசிந்த வாயு அடிப்பலகையில் குளம்போல் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆதலால்தான் அறிந்தோர் கம்பியடுப்பைப் படகின் உள்ளே வையாமல், பின்புறக் கைப்பிடிக் கம்பியில் கடலை நோக்கி வெளியே தொங்குமாறு பொருத்துகின்றனர். உதிர்வது கங்காயினும் கசிவது வாயுவாயினும் கடலுக்கே போகும். உருளையையும் அடியில் வெளிநோக்கிய துளையுடைய தனிப்பெட்டியில் வைப்பர். கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுசெல்வது அதனினும் கொடிது. கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.

செம்பொர்ணாக் கடலிலும் மாற்றம் வந்துவிட்டது. லெப்பாவின் பாய் சுருண்டு, பின்புறத்தில் இயந்திரம் ஏறியது. அதற்கென பெட்ரோல் கலன்களும் படகில் ஏறின. பெட்ரோலின் ஆவியும் காற்றினும் கனமானதே. அதுவும் அடிப்பலகையை ஒட்டியே ஊர்ந்து செல்லும். மேலிருந்து விழும் கங்கைத் தாங்குவதற்கென்று வனைந்த லப்போஹானின் நீண்ட தட்டு, கீழிருந்து தவழ்ந்து வரும் ஆவியை அறியாது. செலாக்கான் தீவின் பெண்கள் மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய அவ்வடிவத்திலேயே அடுப்பை வனைகின்றனர். வாங்கிச் செல்வோர் அதனைப் பெட்ரோல் கலன் இருக்கும் படகில் கொண்டுபோய் வைக்கின்றனர்.